பழவேற்காட்டு மீன், இறால், நண்டு: வீட்டுச் சமையலில் வரும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வந்தால் பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர், திரும்பும்போது ஒரு பை நிறைய இறாலோ நண்டோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். அன்று மாலையே எங்கள் உறவினர்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். குழம்பில் மண் வாடை அடிக்கிறது, இறால் ரப்பராகிவிட்டது, நண்டுக்குள் ஒன்றுமே இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது என்று திரும்பத் திரும்ப அதே புகார்கள். இதே கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லி வந்ததில், எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்து, எந்த இடத்தில் கைவிட வேண்டும் என்ற வரிசை மனத்தில் பதிந்துவிட்டது. அந்த வரிசையையே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு எதுவாக இருந்தாலும் மிளகாய்த்தூளையும் இஞ்சி பூண்டு விழுதையும் கூட்டிப் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். நல்ல மீனில் வந்த சிறு குறையைச் சரிசெய்ய வேறு வழி இருக்கிறது. கெட்ட மீனை மசாலா மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். உங்களுக்கு வந்திருக்கும் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேரே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

மீனில் மண் வாடை அடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். மடவையிலும் ஜிலேபி மீனிலும்தான் பெரும்பாலும் வருகிறது. கொடுவா மீனில் குறைவு. மடவை ஏரியின் அடியில் படிந்திருக்கும் வண்டலை மேய்கிற மீன். அதன் குடலிலும் இரைப்பையிலும் சேறு இருக்கத்தான் செய்யும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும் மாதங்களில் ஏரித் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும். வாடை பற்றிய புகார்களும் அந்த மாதங்களில்தான் என்னிடம் அதிகம் வருகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது வயிறு. மீனைத் துண்டு போட்டு வாங்கியிருந்தாலும் வயிற்றுத் துண்டுகளை எடுத்து உட்புறத்தைப் பாருங்கள். மடவைக்கு உள்வயிற்றில் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். மீன் வெட்டித் தருபவர்கள் அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள். கல்லுப்பை விரலில் தொட்டுத் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். முதுகெலும்பை ஒட்டி உறைந்து கிடக்கும் ரத்தத்தையும் கத்தி முனையால் கீறி, ஓடும் நீரில் கழுவுங்கள். வாடைப் புகார்களில் பெரும்பகுதி இதோடு தீர்ந்துவிடுகிறது.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டைத் தனியே எடுத்து, உப்பும் மசாலாவும் இல்லாமல், மூடிய கிண்ணத்தில் ஆவியில் வேகவையுங்கள். மூடியைத் திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். முதல் ஆவியில் வருவதுதான் உண்மையான மணம். ஐந்து நிமிட வேலை. ஒரு சட்டிக் குழம்பு வீணாகாமல் காப்பாற்றும்.

வாடை இலேசாக இருக்கிறதா? ஒரு கிலோ மீனுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பும் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளும் போட்டு நன்றாகத் தேய்த்து, பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். பிறகு நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீரிலோ புளித்த மோரிலோ இருபது நிமிடம் ஊறவிட்டு மீண்டும் கழுவுங்கள். இந்த வாடைக்குப் புளிப்புதான் மருந்து. அதனால் இதை வறுக்காமல் குழம்பு வையுங்கள். சித்திரை, வைகாசி என்றால் மாங்காய் சேருங்கள். வறுத்தால் வாடை அப்படியே தங்கிவிடும்.

வாடை கடுமையாக இருக்கிறதா? அது தோலிலும், தோலுக்கு அடியில் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையிலும்தான் அதிகம் தங்கியிருக்கும். தோலை உரித்து, அந்தக் கருஞ்சதையைச் சீவி எடுத்துவிட்டு, மேலே சொன்னபடி புளியில் ஊறவையுங்கள். பாதி எடை போய்விடும் என்று வருந்த வேண்டாம், மிச்சம் சாப்பிட முடியும்.

குழம்பு கொதித்த பிறகுதான் தெரிந்ததா? துண்டுகளை அகப்பையால் மெதுவாகத் தனியே எடுத்துத் தோலை நீக்குங்கள். குழம்பில் இன்னும் கொஞ்சம் கெட்டிப் புளி விட்டுக் கொதிக்கவைத்து, துண்டுகளைத் திரும்பப் போடுங்கள். குறையும், முழுக்கப் போகாது. மண் வாடை நாக்குக்குத்தான் கெடுதல், உடலுக்கு இல்லை. எனவே பயந்து கொட்ட வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மண்ணுக்குப் பதில் டீசல் அல்லது மண்ணெண்ணெய் வாடை அடித்தால் எதுவும் செய்யாதீர்கள். எந்தப் புளியும் அதை எடுக்காது. வாங்கிய இடத்தில் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு துண்டு மட்டும் கசக்கிறது

வெட்டும்போது பித்தப்பை உடைந்திருக்கும். வேறு காரணம் தேட வேண்டாம். சமைக்கும் முன் கவனித்தால், பச்சை அல்லது மஞ்சள் கறை பட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மற்றதை உப்புப் போட்டுக் கழுவுங்கள். கறை பட்ட துண்டு குழம்பில் விழுந்துவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். குழம்பு முழுதும் கசந்துவிட்டதென்றால் வெல்லம் போட்டுத் திருத்த முயல்பவர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒட்டுமொத்தக் கசப்புக்கு இன்னொரு காரணம் கருகிய வெந்தயம். தாளிப்பில் வெந்தயம் கறுத்திருந்தால் மீனைக் குறைசொல்லாதீர்கள்.

மூக்கில் ஏறும் நெடி

இங்கே சோதனை உண்டு, சரிசெய்தல் கிடையாது.

சிறுநீர் போன்ற காரமான அமோனியா நெடி வந்தால் அது கெட்டுப்போன மீன். செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் பழுப்பாகி, கொழகொழப்பு இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் மேலெழாது. கண் குழிந்து வெளுத்திருக்கும். இவற்றில் இரண்டு தெரிந்தாலே போதும், எறிந்துவிடுங்கள்.

மருத்துவமனை வாடை வருகிறது, ஈ ஒன்றுகூட மொய்க்கவில்லை, கண் செத்திருக்கிறது ஆனால் உடல் மட்டும் விறைப்பாக இருக்கிறது என்றால் ஃபார்மலின் (மீன் கெட்டது தெரியாமலிருக்கச் சிலர் சேர்க்கும் இரசாயனம்) சந்தேகம் வர வேண்டும். ஏரி மீனில் இது அரிது. காலையில் பிடித்தது மதியத்துக்குள் விற்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கும்போது, தொலைவிலிருந்து வரும் மீன்களும் சந்தையில் சேர்ந்துகொள்ளும். அப்போது கவனமாக இருங்கள். ஃபார்மலினையும் அமோனியாவையும் கண்டறியும் சோதனைத் தாள்களைக் கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. உறுதியாகச் சந்தேகப்பட்டால் ஒரு துண்டைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அது அவர்கள் வேலை. நீங்கள் வேகவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

வாங்கும்போது நன்றாக இருந்து, வீட்டுக்கு வந்ததும் நெடி வருகிறதென்றால் குறை பயணத்தில். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடும், வழியில் நின்றால் இன்னும் கூடும். காரின் பின்பகுதி வெயிலில் சுடும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி, கீழே ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு, தெர்மோகோல் பெட்டி. உருகும் நீர் வடிய வழி இருக்க வேண்டும். இறாலும் மீனும் அந்த நீரில் ஊறினால் சுவை கழன்றுவிடும். பெட்டியும் பனிக்கட்டியும் இல்லாமல் வந்துவிட்டு, பத்து ரூபாய் பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. விடியலுக்கு முன் தண்ணீரில் இறங்கிப் பிடித்தவரின் உழைப்பு அது.

இறால் ரப்பராக இழுக்கிறது

பத்தில் ஒன்பது முறை அதிக நேரம் வெந்ததுதான் காரணம். நடுத்தர அளவு இறாலுக்குக் கொதிக்கும் மசாலாவில் மூன்று நான்கு நிமிடம் தாராளம். சதை வெளுத்து, இளஞ்சிவப்பாகி, வளையும்போதே இறக்கிவிடுங்கள். தலைப்பக்கமும் வாலும் தொட்டுக்கொண்டு வட்டமாகச் சுருண்டால் எல்லை தாண்டிவிட்டது. மசாலாவை முழுக்கச் சுண்டவைத்து முடித்த பிறகு இறாலைப் போடுவதுதான் சரி. பெரும்பாலானவர்கள் முதலில் இறாலைப் போட்டு, அது விடும் தண்ணீர் வற்றும்வரை காத்திருக்கிறார்கள். அங்கேதான் கெட்டுப்போகிறது.

அதுவும் சரியாக இருந்தால், சட்டியைப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரு கிலோவைக் கொட்டினால் சூடு இறங்கி, இறால் தன் தண்ணீரிலேயே நெடுநேரம் வேகும். இரண்டு தவணையாகச் செய்யுங்கள்.

இறால் குழைந்து மாவாகிறது

எலுமிச்சையிலோ தயிரிலோ வெகுநேரம் ஊறவைத்தீர்களா? இறாலுக்குக் கால்மணி நேரம் போதும். இல்லையென்றால் அது பழைய இறால். பச்சையாக இருக்கும்போதே தலை தொட்டவுடன் கழன்றிருக்கும், ஓடு தளர்ந்து சதையிலிருந்து பிரிந்திருக்கும். குளிர்பதனப் பெட்டியில் உறைந்து, உருகி, மீண்டும் உறைந்த இறாலும் இப்படித்தான் ஆகும். இதற்குத் திருத்தம் இல்லை. நெடி இல்லை என்றால் அரைத்து வடையாகத் தட்டிவிடலாம்.

தலையில் கறுப்புப் புள்ளிகள்

பயப்பட வேண்டாம். பிடித்து வைத்த இறாலில் காற்றுப் பட்டுத் தலைப்பக்கம் கறுப்பது இயல்பு. முகர்ந்து பாருங்கள்; கடல் மணம் இருந்தால் தலையை நீக்கிவிட்டுச் சமைக்கலாம். நெடி இருந்தால் எறியுங்கள். இந்தக் கறுப்பைத் தடுக்கச் சல்ஃபைட் தூள் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதனால் இலேசாகக் கறுத்த இறாலைக் கண்டால் எனக்குச் சந்தேகத்துக்குப் பதில் நிம்மதிதான் வருகிறது.

கடிக்கும்போது மணல் நறநறக்கிறது என்றால் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுக்கவில்லை. இரண்டாவது வளையத்துக்குக் கீழே ஒரு பல்குச்சியைச் செருகித் தூக்கினால் முழுதாக வரும்.

நண்டுக்குள் சதையே இல்லை

ஏரிக்குப் புகழ் சேர்த்தது பச்சை நண்டு. விலையும் அதற்கேற்ப. காசு கொடுத்து வாங்கி, ஓட்டைத் திறந்தால் தண்ணீர் மட்டும் கொட்டுகிறது என்று புலம்புபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கும். சமையலில் குறை இல்லை. அந்த நண்டு சமீபத்தில் ஓடு கழற்றியிருக்கிறது. புது ஓட்டுக்குள் சதை நிரம்ப நாளாகும். அதை இங்கே தண்ணீர் நண்டு என்பார்கள். முழுநிலவு நாட்களில் நண்டு வெறுமையாக இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. நான் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, நண்டைப் பார்க்கிறேன்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள்:

கையில் தூக்குங்கள். அளவுக்கு மேல் கனக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டை இரு கைகளில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கவிழ்த்து, பின்கால்கள் உடலோடு சேரும் இடத்துக்கு அருகே அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்லாக நின்றால் வாங்குங்கள். அமுங்கினால் வேண்டாம்.

கொடுக்கின் பற்கள் மழுங்கித் தேய்ந்திருக்கிறதா, ஓட்டில் கறையும் பாசியும் ஏறியிருக்கிறதா? நல்லது. அழகாகப் பளபளக்கும் சுத்தமான ஓடும் கூரிய பற்களும் உள்ள நண்டுதான் பெரும்பாலும் ஏமாற்றும். புதிதாக வருபவர்கள் அழகானதைத்தான் எடுக்கிறார்கள்.

கொடுக்குச் சதை வேண்டுமென்றால் ஆண் நண்டு. அடிவயிற்று மடிப்பு குறுகலான முக்கோணமாக இருக்கும். பெண்ணுக்கு அது அகலமாக வளைந்திருக்கும். மடிப்புக்கு வெளியே முட்டைகளைச் சுமந்துகொண்டிருக்கும் பெண் நண்டை வாங்காதீர்கள். அது ஏரிக்குத் திரும்ப வேண்டிய நண்டு.

வாங்கிவந்த வெறும் நண்டை என்ன செய்வது? நண்டு ரசம் வையுங்கள். ஓட்டையும் கால்களையும் இடித்து, மிளகு, சீரகம், பூண்டோடு கொதிக்கவிட்டு வடிகட்டினால் சதை இல்லாத குறை தெரியாது.

நண்டு வீடு வருவதற்குள் செத்துவிட்டது

வாளித் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோனீர்களா? நின்ற தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில், காற்றுப் படும்படி வைத்தால் தாங்கும். கொடுக்குக் கட்டை அவிழ்க்காதீர்கள். செத்த நண்டு வெகு விரைவில் கெடும். எப்போது செத்தது என்று தெரியாவிட்டால் சமைக்க வேண்டாம், விலை எவ்வளவாக இருந்தாலும்.

சட்டியில் போட்டவுடன் கால்கள் கழன்று விழுகின்றன என்றால் உயிரோடு சூட்டில் போட்டிருக்கிறீர்கள். தப்பிக்கக் காலை உதிர்ப்பது அதன் இயல்பு. உறைபெட்டியில் அரைமணி நேரம் வைத்து அசைவு நின்ற பிறகு வெட்டுங்கள். அதற்கும் துன்பம் குறைவு.

துண்டுகள் உடைகின்றன, வறுத்தால் ஒட்டுகின்றன

குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். போட்ட பிறகு கரண்டி கூடாது; சட்டியின் இரு காதுகளையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். எட்டு முதல் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். இதையெல்லாம் செய்தும் உடைந்தால் மீன் பழையது.

வறுவல் ஒட்டினால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். கழுவிய மீனைத் துணியில் ஒற்றி எடுத்துத்தான் மசாலா தடவ வேண்டும். அடுத்தது கல்லின் சூடு: எண்ணெய் சூடேறும் முன் மீன் போனால் கட்டாயம் ஒட்டும். அவசரமாகத் திருப்பாதீர்கள், அடிப்பக்கம் மொறுமொறுத்தால் தானே விடும். கடைசியாக, கல்லையே பாருங்கள். இரும்புத் தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நம் ஏரிக்கரை ஈரக்காற்றில் எண்ணெய் தடவாமல் விட்டால் மறுநாளே துரு ஏறும். துருவைத் தேய்த்து எடுத்து, நல்லெண்ணெய் பூசி, மெல்லிய தீயில் புகையும்வரை சுடவைத்து ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் கல் பழையபடி பழகிவிடும்.

குழம்பில் உலோகச் சுவை

அலுமினியப் பாத்திரமா? புளி அதை அரிக்கும். மண்சட்டிக்கோ எவர்சில்வருக்கோ மாறுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கவே கூடாது.

புது மண்சட்டியில் மண் சுவை வந்தால் அது பழகவில்லை. ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு அரிசி கழுவிய நீரையோ வடித்த கஞ்சியையோ ஊற்றிக் காய்ச்சிக் கொட்டுங்கள். இதை மூன்று நான்கு நாட்கள் செய்யுங்கள். சோப்பு மட்டும் தொடாதீர்கள். சட்டி அதை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த குழம்பில் கொடுக்கும்.

கருவாட்டின் மேல் ஏதோ படர்ந்திருக்கிறது

வெள்ளைப் பொடியாக இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு, நல்ல வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். கரையாமல் பஞ்சாக மிதந்தால் பூஞ்சை, எறியுங்கள். பச்சையோ கறுப்போ கண்டாலும் அதேதான். இளஞ்சிவப்பாகப் படர்ந்து வழவழத்தால் உப்பில் வாழும் நுண்ணுயிர் பிடித்திருக்கிறது. கழுவிச் சரிசெய்ய நினைக்க வேண்டாம். பொடிப் பொடியாக உதிர்ந்தால் வண்டு. சேமிக்கும் டப்பாவைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, அடுத்த முறை கருவாட்டை வெயிலில் உலர்த்தி ஆறவிட்டு மூடுங்கள். சூடாக மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும்.

பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது

செதில்தான். மீன் செதிலும் இறால் மீசையும் குழாய் வளைவில் போய் எண்ணெயோடு சேர்ந்து படியும். முதலில் வடிகட்டித் தட்டை எடுத்துக் கையால் சுத்தம் செய்யுங்கள். அடுத்து, சூடான நீரைச் சோப்புக் கரைசலோடு ஊற்றுங்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் கொதிக்கும் நீர் வேண்டாம், இளகிவிடும். பிறகு ரப்பர் கிண்ணத் தள்ளியால் அழுத்தி இழுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொட்டிக்குக் கீழே இருக்கும் குப்பி போன்ற பகுதிக்கு அடியில் வாளி வைத்து, கையால் திருகிக் கழற்றுங்கள். செதில் மொத்தமும் அங்கேதான் இருக்கும்.

அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அதில் கிளம்பும் வாயு மூச்சைப் பாதிக்கும். குப்பியைச் சுத்தம் செய்தும் நீர் இறங்கவில்லை, அல்லது குளியலறை வடிகாலிலும் நீர் எதிர்த்து வருகிறது என்றால் அடைப்பு சுவருக்குள்ளோ வெளித் தொட்டியிலோ இருக்கிறது. அப்போது பிளம்பரை அழையுங்கள். இனி மீனைத் தொட்டியில் சுத்தம் செய்யாமல், தாள் விரித்து அதன்மேல் செய்யுங்கள்; கழிவைத் தென்னை மரத்தடியில் ஆழமாகப் புதைத்தால் மரத்துக்கும் நல்லது.

குளிர்பதனப் பெட்டியில் வாடை போகவில்லை

கசிந்த பொட்டலத்தைத் தேடுங்கள். தட்டுகளைக் கழற்றிச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவுங்கள். பிறகும் இருந்தால் கதவு ரப்பரின் மடிப்புகளைத் துடையுங்கள். மீன் நீர் அங்கே ஒளிந்திருக்கும். அதன்பின் பார்க்க வேண்டியது பெட்டியின் பின்பக்கம் கீழே, உருகும் நீர் சேரும் தட்டு. மின்இணைப்பை எடுத்துவிட்டுத் தட்டைக் கழற்றிக் கழுவுங்கள். பலர் அப்படி ஒரு தட்டு இருப்பதையே அறிவதில்லை. உள்ளே நீர் தேங்குகிறது, மீன் உறையவில்லை, அல்லது கதவு ரப்பர் ஒரு தாளைக்கூடப் பிடித்து நிறுத்தவில்லை என்றால் மெக்கானிக் வர வேண்டும்.

அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிகிறது

ஏரிக்கரை வீடுகளில் இது இரண்டு வகை. குழம்பு பொங்கி உப்பு நீர் பட்டாலோ உப்புக்காற்று படிந்தாலோ நீலச் சுடருக்குள் ஆரஞ்சுப் பொறிகள் தெரியும். பர்னரைத் துடைத்துக் காயவைத்தால் போய்விடும். சுடர் முழுதும் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்றுப் போதவில்லை. பர்னரின் துளைகளை ஊசியால் குத்தி, புளி நீரில் ஊறவைத்துத் தேய்த்து, முழுக்க உலர்ந்த பிறகு பொருத்துங்கள். பிறகும் மஞ்சள் என்றால் உட்குழாயில் துருவோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும். அதை அடுப்பு பழுதுபார்ப்பவர் திறக்கட்டும். ரப்பர் குழாயில் வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். எரிவாயு வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

சாப்பிட்ட பிறகு உடலில் கோளாறு

தொண்டையில் முள்: மெல்ல இருமிப் பாருங்கள், தண்ணீர் குடித்துப் பாருங்கள். சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடும். எச்சில் விழுங்க முடியவில்லை, ரத்தம் வருகிறது, அல்லது சில மணி நேரமாகியும் ஒரே இடத்தில் குத்துகிறது என்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி: சூரை, கானாங்கெளுத்தி போன்ற கடல் மீனைப் பனிக்கட்டி இல்லாமல் வைத்திருந்தால் இப்படி வரும். வேகவைப்பதால் அந்த நஞ்சு போகாது. மீதியை எறியுங்கள். சாப்பிட்டவர் மருத்துவரைப் பார்க்கட்டும்.

இறால் அல்லது நண்டு சாப்பிட்டு உதடு வீங்குகிறது, மூச்சு இறுகுகிறது: ஒவ்வாமை. ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸ். இதுவரை நன்றாகச் சாப்பிட்டவருக்கும் திடீரென வரலாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு: உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டிருங்கள். ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல் இவற்றில் எது கண்டாலும் மருத்துவமனை. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அறிகுறி முற்றும்வரை காத்திருக்கக் கூடாது.

நாக்கும் உதடும் மரத்துப்போதல்: வலையில் சிக்கும் பேத்தை மீனை யாராவது சமைத்தார்களா என்று கேளுங்கள். தொட்டால் பந்தாக உப்பும் மீன் அது. அதன் நஞ்சைக் கொதியும் புளியும் ஒன்றும் செய்யாது. மரத்துப்போகும் உணர்வு தொடங்கிய உடனே 108-ஐ அழைத்து, என்ன மீன் என்பதை அவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முடிந்தால் மிச்சத் துண்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போங்கள்.